என் முதுகின் சாய்வு

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஒரு டீக்கடை இருந்தது. அந்தக் கடை வாசலில் மர ஸ்டூலில் உட்கார்ந்து நீங்கள் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தால், எங்கிருந்தோ ஓர் ஆள் வந்து பக்கத்தில் நிற்பார். சட்டைப் பையில் தச்சுப் பென்சில், புருவத்தில் மரத்தூள். "ஸ்டூலு ஆடுதா சார்?" என்று கேட்பார். ஆடவில்லை என்பீர்கள். "ஆடாது. நான் குட்த்தது. கடைக்காரு கேட்டாரு, சும்மாவே குட்த்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, நீங்கள் ஆச்சரியப்படுகிற வரைக்கும் அங்கேயே நிற்பார். ஆச்சரியப்பட்டுவிட்டால் போய்விடுவார்.

அவரைத்தான் நான் அண்ணன் என்று கூப்பிட்டேன். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அதையும் நாலு பேரிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்வார். சேரப்பணஞ்சேரிக்காரர். வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போட்டுக் கட்டில், பெஞ்சு, அலமாரி எல்லாம் செய்துகொண்டிருந்தார். ஒரகடத்தைச் சுற்றிக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். வெளிநாட்டு மெஷின்கள் வந்து இறங்கிய பெட்டிகளை உடைத்துக் கம்பெனிக்காரர்கள் விற்பார்கள். அந்த மரம்தான் அவருக்குச் சரக்கு. குடைப் படம், கண்ணாடி டம்ளர் படம், மேலே பார்க்கிற அம்புக்குறி எல்லாம் அதில் அச்சடித்திருக்கும். கம்பெனி லைனில் வேலை பார்த்த எங்களைப் போன்ற பெண்கள் தங்கியிருந்த அறைகளில் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தால் அந்தக் குடை தெரியும்.

கொடுப்பது அவருக்கு ஒரு வியாதி. கொடுத்ததைச் சொல்வது அதைவிடப் பெரிய வியாதி. மாதா கோயிலுக்கு முழங்கால் போட ஒரு நீளப் பலகை செய்து கொடுத்துவிட்டு, அதை மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற இடத்தில் போய்ச் சொல்வார். மாரியம்மனுக்கு ஒரு முக்காலி கொடுத்துவிட்டு, அதை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறவர்களை வழியில் நிறுத்திச் சொல்வார். இரண்டு கூட்டமும் அவரைப் பார்த்தால் சிரிக்கும். ஆனால் அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் இருக்காது.

ஒருமுறை பக்கத்து மாடிக்கு ராமநாதபுரத்து இளைஞர்கள் மூன்று நாலு பேர் குடிவந்தார்கள். சமைக்கப் பாத்திரம் இல்லை என்று காதில் விழுந்ததும் இவர் வீட்டுக் குக்கரைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். சில நாள் கழித்து அவர் மனைவி, என் வாயில் அண்ணி, கறி வாங்கி வைத்துக்கொண்டு வீடு முழுக்கக் குக்கரைத் தேடினார். நானும் அங்கே இருந்தேன்.

"குக்கரா? மாடிப் பசங்களுக்குக் குட்த்துட்டேன். பாவம், பன்னு துன்னுகினு கீதுங்கோ" என்றார் அண்ணன்.

"அது எங்கம்மா வூட்டு சீருய்யா."

"குட்த்தா கொறஞ்சா பூடும்?"

அண்ணி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "குட்த்ததுகூடப் போவட்டும்மா. பஸ்ல கண்டக்டர் வரைக்கும் சொல்லிகீறாரு. நேத்து காய் வாங்கப் போனா, ஒருத்தி என்னைக் காட்டி குக்கரு குட்த்த வூடுன்றா. எனுக்கு இப்பதான் புரியுது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை எழுதும்போதே வயிறு எரிகிறது, ஆனாலும் பிடித்திருந்தது உண்மை. எதற்கெடுத்தாலும் அட்வான்ஸ், வாடகை என்று கை நீட்டுகிற ஊரில், தானாக வந்து கொடுக்கிற ஒரு மனுஷனைக் கண்டால் யாருக்குத்தான் பிடிக்காது. அந்தக் குக்கர் அண்ணியுடையது, அவருடையது அல்ல என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை.

நான் கோவில்பட்டிப் பக்கம். சுங்குவார்சத்திரத்துக்கு அருகில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நின்றேன். நின்றேன் என்றால் நிஜமாகவே நின்றேன். ஷிஃப்ட் முழுக்க நின்றபடி வேலை. ஓ.டி. பார்த்தால் அதுவும் நின்றபடி. பென்னலூரில் அறை. அறைக்கு வந்தால் உட்கார ஒன்றும் கிடையாது. பாய், தலையணை, சுவர். தலையணையைச் சுவரில் முட்டுக்கொடுத்துச் சாய்ந்து, அப்படியே தூங்கிப்போவோம். சில வருஷத்தில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர், "நிக்கிற வேலைய விட்டுடும்மா, இல்லேன்னா அப்பறம் படுக்கைதான்" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். நின்றால்தானே எனக்குச் சம்பளம்.

எங்கள் வீட்டுக்காரம்மாவுக்குக் கட்டில் இறக்க வந்த அண்ணன், நான் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்குவதைப் பார்த்தார். "இன்னாமா, இந்த வயசுல கெய்வி மாரி எறங்குற?" என்று கேட்டார். சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்கு வரச் சொன்னார்.

போனதும் ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார வைத்தார். முதுகுக்குப் பின்னால் ஒரு பலகையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"சாஞ்சுக்கோ தங்கச்சி. நான் கொஞ்சம் கொஞ்சமா பின்னால வுட்டுகினே வரேன். எங்க வலி நிக்குதோ அங்க சொல்லு."

பலகை மெதுவாகப் பின்னால் போனது. வலி இருந்தது. இன்னும் போனது. இன்னும் இருந்தது. பிறகு ஓர் இடத்தில், விளக்கை அணைத்தது போல, இல்லை.

"இங்கன. இங்கனதாண்ணே."

அவர் அசையாமல் பிடித்தபடி அண்ணியைக் கூப்பிட்டார். ஒரே திருகில் கோர்த்த இரண்டு குச்சிகள் வைத்திருந்தார். கத்தரிக்கோல் மாதிரி விரியும். அண்ணி ஒரு குச்சியைப் பெட்டியோடும் மற்றதைப் பலகையோடும் ஒட்ட வைத்துத் திருகை முறுக்கினார். எவ்வளவு சாய்ந்தால் என் முதுகு வலிக்காதோ, அது அந்த இரண்டு குச்சிகளுக்கும் நடுவில் நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இவ்ளோ சாய்வா கேக்குது உனுக்கு? ஈஸி சேருக்குத் தங்கச்சியா இருக்கும் போல கீதே" என்று அவர் கேலி செய்தார்.

அந்தச் சாய்வைக் கண்ணளவில் வெட்ட முடியாது. ஒரு சட்டம் ஒரு மாதிரியும் இன்னொன்று வேறு மாதிரியும் போனால் நாற்காலி கோணிக்கொள்ளும். அதற்காக அவர் ஒரு பலகை செய்தார். கையில் பிடித்து அறுக்கிற மெஷினைத் தலைகீழாக ஒரு மேஜைக்கு அடியில் திருகி, பிளேடு மட்டும் மேலே எட்டிப்பார்க்கிற மாதிரி அவரிடம் ஏற்கெனவே ஓர் அமைப்பு இருந்தது. அந்த மேஜையின் மேல் ஓடுகிற மாதிரி பெட்டிப் பிளைவுட்டில் ஒரு துண்டு. அடியில் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொள்ள ஒரு சட்டம். மேலே சாய்வாக இரண்டு சட்டங்கள், நாற்காலியின் இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. மரத்தைச் சட்டத்தோடு அணைத்துப் பலகையைத் தள்ளினால், எத்தனை தரம் வெட்டினாலும் அதே சாய்வு வரும். எங்கள் கம்பெனியில் இந்த மாதிரிப் பிடிமானத்துக்கெல்லாம் ஜிக் என்று பெயர். நான் அப்படித்தான் சொல்வேன். அவர் பலகை என்பார்.

முதல் நாற்காலியை எனக்குச் சும்மாவே கொடுத்தார். கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டா இருப்பார்? பென்னலூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் சொன்னார். கம்பெனி பஸ்ஸில் முன்பின் தெரியாத பெண்கள், "நீங்கதான் முதுகு நாற்காலி அக்காவா?" என்று என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். அறைக்கு வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். முதலில் ரொம்பச் சாய்கிறது என்பார்கள். கொஞ்ச நேரம் ஆனதும் எழுந்திருக்க மாட்டார்கள். எனக்கும் ஒன்று, என் ரூமுக்கு இரண்டு என்று கேட்டார்கள். அவருடைய வாய்தான் எனக்கு விளம்பரம். அதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

அப்படித்தான் கம்பெனியை விட்டேன். பென்னலூரில் தகரம் போட்ட ஒரு சின்ன இடம் பிடித்தேன். அவர் கொட்டகையில் வெட்டிக் கொடுப்பார்; நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பூட்டி, வார்னிஷ் அடித்து, நைலான் பட்டை பின்னி விற்பேன். தேய்ப்பதும் பின்னுவதும் உட்கார்ந்தே செய்கிற வேலை. அதற்காகவே அந்தக் கடையை உயிராக வைத்திருந்தேன்.

லைன் புத்தி அவ்வளவு சீக்கிரம் போகாது. கம்பெனியில் ஒவ்வொரு ஜிக்குக்கும் ஒரு நம்பர் உண்டு. ஒரு லைன் ஜிக்கை அடுத்த லைனுக்குக்கூட எடுத்துப் போகக் கூடாது. கேட்டைத் தாண்டவே தாண்டாது. செக்யூரிட்டி எங்கள் டிபன் டப்பாவைக்கூடத் திறந்து பார்ப்பான். நானும் மார்க்கர் பேனாவை எடுத்துக்கொண்டு போய், அந்தப் பலகையில் குடைப் படத்துக்குப் பக்கத்தில், வெளியே போகக் கூடாது என்று பெரிதாக எழுதினேன்.

அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "இன்னாமா, ரேஷன் கடை போர்டாட்டம் எழுதுற?"

"அண்ணே, விளையாட்டுக்குச் சொல்லல. ஏணி கேட்டாங்க, சுத்தி கேட்டாங்கன்னு குடுக்கிற மாதிரி இதைக் குடுத்துராதீங்க. இது என் சோறு."

"அட, இன்னா பேச்சு இது. இது குக்கரா? இது உன் முதுகும்மா. இந்தப் பலகை இந்தக் கொட்டாய வுட்டு வெளிய போவாது. எங்கம்மா சத்தியமா."

அதற்குப் பிறகு நான் சரக்கு எடுக்கப் போகும்போதெல்லாம் முதலில் சுவரைத்தான் பார்ப்பேன். பலகை ஆணியில் தொங்கும். மனசு நிறைந்துவிடும். அவர் வெட்டிக்கொண்டே அந்த வாரத்துக் கொடைகளை ஒப்பிப்பார். கேரளாக்கார மெக்கானிக்குக் கருவிப் பெட்டி கொடுத்தது, பள்ளிக்கூடத்துக்குக் கரும்பலகைச் சட்டம் கொடுத்தது, யாருடைய மண்வெட்டிக்கோ காம்பு போட்டுக் கொடுத்தது. யாருக்கு, என்ன, வாங்கியவர் முகம் எப்படி மலர்ந்தது, எதையும் விட மாட்டார். காம்புக்குக்கூட கால் மணி நேரம் பேசுவார். அண்ணி உள்ளேயிருந்து, "சாப்புட்ட பொறவு சொல்லக் கூடாதா, அவ பசியோட வந்துகீறா" என்று சத்தம் போடுவார்.

கடை ஓடியது என்று சொல்லலாமே தவிர, ஓகோ என்று ஓடவில்லை. அறைப் பெண்கள் எத்தனை பேர்தான் வாங்குவார்கள். அப்போது ஒரகடம் சாலையில் பெண்களுக்கென்று ஒரு பெரிய ஹாஸ்டல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் வைத்தேன். உட்கார்ந்து பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். "ரூமுக்கு ஒண்ணு போட்டுடலாம்மா. ஆடி கழியட்டும், வா" என்றார். அந்த ஆர்டர் கிடைத்தால் கடை நிலைக்கும். கிடைக்காவிட்டால் நான் மறுபடி லைனில் போய் நிற்க வேண்டும். நடுவில் வேறு வழி இல்லை.

ஆடி கழிந்ததும் போனேன். வரவேற்பறையில் நாற்காலிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். பளபளவென்று புது வார்னிஷ்.

"எப்போ வந்துச்சும்மா இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"போன வாரம். மெயின் ரோட்டு ஷோரூம்ல கொறைச்சுக் குடுத்தாங்க. அங்கயும் நீதான் செஞ்சு குடுக்கறியோன்னு நெனச்சேன். ஒரே மாதிரி இருக்கே."

அடுக்கிலிருந்து ஒன்றை இறக்கி உட்கார்ந்தேன். சாய்ந்தேன். வலி நின்றது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கடை நாற்காலிகள் எல்லாம் நிமிர்ந்துதான் இருக்கும். இவ்வளவு சாய்வு யாரும் வைப்பதில்லை. என் முதுகு கேட்டதால் வைத்தது. தற்செயலாக இன்னொருவருக்கு அது அமைய வழியே இல்லை. யாரோ முன்பின் தெரியாத ஆள் என் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுப் போன மாதிரி உடம்பு கூசியது. அந்த அம்மா தண்ணீர் கொடுத்தார். குடித்தேனா என்று ஞாபகம் இல்லை.

ஆனாலும் பஸ்ஸில் போகும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டே போனேன். அந்த ஷோரூம் முதலாளி என்னுடைய நாற்காலி ஒன்றை யாரிடமாவது வாங்கிக்கொண்டு போய்ப் பிரித்து அளந்திருப்பான். திருட்டுப்பயல், வேறென்ன செய்வான். அண்ணனிடம் சொன்னால் என்னைவிட அவருக்குத்தான் கோபம் வரும். கொட்டகைக்குள் நுழைந்தபோது பலகை ஆணியில்தான் இருந்தது. நான் எழுதிய எழுத்தும் அழியாமல் இருந்தது. எனக்கு உயிர் வந்தது.

"வாம்மா தங்கச்சி" என்று மெஷினை நிறுத்தினார். நான் விஷயத்தைச் சொன்னேன். ஷோரூம்காரன் திருடிவிட்டான் என்றேன். போய்க் கேட்கலாம், நீங்களும் வாங்கண்ணே என்றேன்.

அவர் பென்சிலை எடுத்து ஒரு கட்டையில் கோடு போட்டார். எதற்கும் தேவையில்லாத கோடு.

"திருட்டெல்லாம் இல்லமா. அவுரு இங்க வந்தாரு. ஆசையா கேட்டாரு. இதே மாரி இன்னொரு பலகை அடிச்சுக் குட்த்தேன்."

அவரே தொடர்ந்தார்.

"உன் பலகை எங்கயும் போவல. தொட்டுப் பாரு, அங்கதான் கீது. நான் சத்தியம் தாண்டல."

சுவரைப் பார்த்தேன். தாண்டவில்லைதான். கேட்டில் டிபன் டப்பாவைத் திறந்து பார்க்கிற கம்பெனியில் வேலை பார்த்தவள் அல்லவா, மரத்துண்டுக்குக் காவல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன். அதில் இருந்த சாய்வு இரண்டு குச்சிகளில் ஏறி, இன்னொரு பலகைக்கு மாறி, வாசல் வழியாகவே போயிருக்கிறது.

"எவ்வளவு வாங்குனீங்கண்ணே?"

"சீ. ஒரு பைசா வாங்கல. ஒரு சாய்வுதானம்மா. குட்த்தா கொறஞ்சா பூடும்?"

விற்றிருந்தால்கூட எனக்கு ஒரு விலையாவது இருந்திருக்கும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் கோபம் பாதி இறங்கிவிட்டது. இந்த மனுஷனுக்குத் தன்னுடையது, பிறத்தியாருடையது என்கிற வித்தியாசமே கிடையாது. இவரிடம் போய் என்னத்தைச் சண்டை போடுவது என்று தோன்றியது. எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். போகிறபோக்கில்தான் கேட்டேன்.

"எப்பண்ணே குடுத்தீங்க?"

"பொங்கலுக்கு முன்ன."

பொங்கலிலிருந்து ஆடி வரைக்கும் நான் எத்தனை தரம் இந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பேன். அண்ணி கையால் சாப்பிட்டிருக்கிறேன். கருவிப் பெட்டி, கரும்பலகைச் சட்டம், மண்வெட்டிக் காம்பு, எல்லாம் அந்த மாதங்களில் கேட்ட கதைகள்தான்.

"எங்கிட்ட ஏண்ணே சொல்லல?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டையைத் திருப்பி அடுத்த பக்கத்தில் இன்னொரு கோடு போட்டார்.

அண்ணி கதவோரத்தில் நின்றிருந்தார். கையில் டீ தம்ளர் இருந்தது. "உன்னாண்ட வாயத் தொறக்கக் கூடாதுன்னு என்னாண்டயும் சொல்லிட்டாரும்மா. ஒவ்வொரு தபா நீ வரசொல்லோ எனுக்கு மனசே கேக்கல" என்றார்.

"நீ உள்ள போ" என்றார் அவர். அவர் அண்ணியை அதட்டி நான் கேட்டதே இல்லை. பிறகு மெஷினைப் போட்டார். அந்தச் சத்தத்தில் அதற்கு மேல் யாரும் எதுவும் பேச முடியாது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். டீயைக் குடிக்கவில்லை.

தீபாவளிக்கு முன்பே கடையைக் காலி செய்தேன். வேறொரு கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்து, இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு மறுபடி லைனில் நின்றேன். என்னைத் தெரிந்த பெண்கள் கடை என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். யாராவது ஒருத்தி எனக்கு முந்திக்கொண்டு பதில் சொல்வாள். "அந்த ஆசாரி அண்ணன் ஷோரூம்காரனுக்கும் செஞ்சு குடுத்துட்டாரு. பாவம்டி, அவரு ஒரு வெள்ளந்தி. கேட்டா குடுத்துடுவாரு. அக்காவுக்கு இப்படி ஆவும்னு அவருக்கு இன்னா தெரியும், தெரியாம செஞ்சுட்டாரு" என்பாள். எல்லோரும் ஆமாம் போடுவார்கள். நான் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு என் இடத்துக்குப் போய்விடுவேன்.

தெரியாமல் செய்திருந்தால் ஊருக்கே சொல்லியிருப்பார்.